நாய் வகுத்துத் தரும் நாட்காட்டி

இங்கிலாந்தில் இலைகள் உதிர்ந்து பகல் சுருங்கத் தொடங்கியதும், போர்ட்ஸ்மத் துறைமுகத்திலிருந்து வட ஸ்பெயினின் சன்டாண்டருக்கும் பில்பாவோவுக்கும் போகும் கப்பல்களில் ஒரு தனி வகைக் கூட்டம் ஏறும். பெரும்பாலும் அறுபதைக் கடந்த தம்பதிகள். காருக்குப் பின்னால் கேரவன், காரின் பின்பகுதியில் ஒன்றோ இரண்டோ நாய்கள். கேரவன் என்றதும் நமக்குப் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் இளைப்பாறும் சொகுசு வண்டிதான் நினைவுக்கு வரும். இது வேறு. சொந்தமாக எஞ்சின் இல்லாமல், கார் இழுத்துச் செல்லும் சிறு வீடு. கட்டில், அடுப்பு, தொட்டி, கழிவறை எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். இதையே எஞ்சினோடு சேர்த்துக் கட்டினால் மோட்டார்ஹோம். பணி ஓய்வு பெற்ற வட ஐரோப்பியர்கள் இந்த வீட்டை இழுத்துக்கொண்டு ஸ்பெயினின் கோஸ்டா பிளாங்கா, போர்ச்சுகலின் அல்கார்வ், தென் பிரான்ஸ், இத்தாலி, கிரீஸ் என்று குளிர்காலத்தைக் கழிப்பது பல பத்தாண்டுகளாக நடந்துவரும் வழக்கம். நாய் கூட வந்தால் பயணம் கெடும், அதை யாரிடமாவது விட்டுவிட்டுப் போவதே நல்லது என்று அவர்களுக்கு அறிவுரை சொல்பவர்கள் உண்டு. நான் சொல்ல வருவது இதற்கு நேர்மாறானது. எந்த மாதம் கிளம்புவது, எந்த வழியில் போவது, எங்கே தங்குவது, எத்தனை நாள் இருப்பது என்ற கேள்விகளுக்கெல்லாம் நாயின் தேவையிலிருந்து விடை தேடினால், வயதான மனிதருக்கு ஏற்ற பயணமும் அதிலேயே அமைந்துவிடும். தம் ஆசையை முதலில் வைத்து நாயைக் கடைசியில் எப்படியாவது பொருத்தப் பார்ப்பவர்கள்தான் இருவருக்கும் துன்பம் தேடிக்கொள்கிறார்கள்.

பொழுதுபோக்குக் கேரவனின் வரலாறே நாயோடுதான் தொடங்குகிறது. பிரிட்டிஷ் கடற்படையில் மருத்துவராக இருந்து எழுத்தாளரான வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ், 1885-இல் பிரிஸ்டல் நகரத்து வண்டிப் பட்டறையில் ‘வாண்டரர்’ என்ற வண்டி வீட்டைச் செய்யச் சொல்லி வாங்கினார். இரண்டு குதிரைகள் பூட்டி, தெற்கு இங்கிலாந்தின் ட்வைஃபோர்டிலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் வரை அதில் போனார். அந்தப் பயணத்தில் ஹரிக்கேன் பாப் என்ற நியூஃபவுண்ட்லாந்து நாயும் உண்டு. ஆனால் அவர் அந்த நாயோடு கடல் கடக்கவில்லை. அவருக்குப் பின் வந்தவர்களாலும் ஏறக்குறைய நூறாண்டுக் காலம் அது முடியவில்லை. வெளிநாடு போன நாய் பிரிட்டனுக்குத் திரும்பினால் ஆறு மாதம் தனிக்கூண்டில் அடைபட்டுக் கிடக்க வேண்டும் என்பது சட்டம். காரணம் ரேபிஸ் என்னும் வெறிநாய்க்கடி நோய். அந்தக் கடுமையை வீண் பிடிவாதம் என்று சொல்லிவிட முடியாது. முதல் உலகப் போர் முடிந்து திரும்பிய வீரர்கள் ஒளித்துக் கொண்டுவந்த நாய்களால் 1918-இல் ரேபிஸ் மீண்டும் பிரிட்டனுக்குள் நுழைந்தது. அதை ஒழித்து முடிக்க 1922 ஆகிவிட்டது. 2000 பிப்ரவரி 28 அன்றுதான், மைக்ரோசிப், தடுப்பூசி, இரத்தப் பரிசோதனை ஆகியவற்றோடு நாய் கூண்டுக்குப் போகாமல் நாடு திரும்பும் திட்டம் தொடங்கியது. 2004-இல் ஐரோப்பிய ஒன்றியம் செல்லப்பிராணிக்கான பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்தது. 2012-இல் ஒன்றிய நாடுகளுக்குள் இரத்தப் பரிசோதனையும் நீண்ட காத்திருப்பும் நீங்கி, ரேபிஸ் தடுப்பூசிக்குப் பின் 21 நாள் காத்திருந்தால் போதும் என்றானது. எனவே பிரிட்டனின் ஓய்வூதியர் ஒருவர் நாயோடு தெற்கே போய் வருவது கால் நூற்றாண்டு வயதே ஆன வாய்ப்பு. அதற்கு முன் நாயை விரும்பியவர் ஊரிலேயே இருந்தார், பயணத்தை விரும்பியவர் நாயைப் பிரிந்தார்.

நாயின் தேவைகளில் முதலில் வருவது வெயில். மனிதரைப் போல நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. வாயைத் திறந்து இரைத்துத்தான் அது தன் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். சுற்றியுள்ள காற்றே அனலாக இருந்தால் அந்த வழியும் பலன் தராது. மூக்கு சப்பையான பக், புல்டாக் வகைகளுக்கு இன்னும் கடினம். செவில், கோர்தோபா போன்ற தென் ஸ்பெயின் நகரங்களில் ஜூலை, ஆகஸ்டில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். மெல்லிய சுவர்களைக் கொண்ட கேரவன் நண்பகலில் அடுப்பாகிவிடும். அதற்குள் நாயை விட்டுவிட்டுத் தேவாலயம் பார்க்கப் போகும் எவரும் அதன் உயிரோடு விளையாடுகிறார். இதே வெயில் எழுபது வயது மனிதருக்கும் ஆகாது. ஐரோப்பாவின் வெப்ப அலைகளில் அதிகம் இறப்பவர்கள் முதியவர்களே என்பதை 2003-ஆம் ஆண்டுக் கோடை மறக்க முடியாதபடி காட்டியது. ஆக, நாய்க்காகக் கோடையைத் தவிர்ப்பவர் தன்னையும் காத்துக்கொள்கிறார். ஜனவரியில் மலகாவிலும் பெனிடோர்மிலும் பகல் வெப்பம் 16, 17 டிகிரி அளவில் இருக்கும். நடக்க இதைவிட இதமான பொழுது கிடைக்காது.

வெயிலுக்கு அடுத்தது, கண்ணுக்கு எளிதில் தென்படாத ஒரு பகை. கொசுவைவிடச் சிறிய மணல் ஈ கடித்து நாய்க்குப் பரப்பும் லீஷ்மேனியாசிஸ் நோய் போர்ச்சுகல், ஸ்பெயின், தென் பிரான்ஸ், இத்தாலி, கிரீஸ் என மத்தியதரைக்கடல் கரை முழுவதும் வேரூன்றியிருக்கிறது. இந்த ஒட்டுண்ணிக் குடும்பத்துக்கும் சென்னைக்கும் ஓர் உறவு உண்டு. 1903-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் பணியாற்றிய ஐரிஷ் மருத்துவர் சார்லஸ் டோனவன், காலா அசார் என்னும் காய்ச்சல் கண்ட நோயாளிகளின் மண்ணீரலில் இந்த வகைக் கிருமியைக் கண்டார். லீஷ்மேனியா டோனவனி என்று அது அவர் பெயரையும் தாங்கி நிற்கிறது. தென் ஐரோப்பாவில் நாய்களைத் தாக்குவது அதன் இனமான லீஷ்மேனியா இன்ஃபேன்டம். கடி பட்ட நாய்க்கு மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் ஒன்றும் தெரியாது. பிறகு முடி உதிரும், தோல் புண்ணாகும், நகம் தாறுமாறாக வளரும், எடை குறையும், கடைசியில் சிறுநீரகம் பழுதாகும். மாத்திரைகளால் நோயை அடக்கி வைக்கலாம். கிருமியை முற்றிலும் நீக்கிவிட்டதாக உறுதி சொல்ல முடியாது என்பதால், பெரும்பாலான நாய்கள் வாழ்நாள் முழுதும் கண்காணிப்பில் இருக்க வேண்டியதுதான். தடுப்பூசி இருக்கிறது, 2011 முதல் ஐரோப்பாவில் கிடைக்கிறது. ஆனால் அது தொற்றையே தடுக்கும் அரண் அல்ல, நோய் முற்றுவதைக் குறைக்கும் துணைதான். முதல் அரண் மணல் ஈ கடிக்காமல் பார்த்துக்கொள்வது: டெல்டாமெத்ரின் போன்ற பூச்சிவிரட்டி மருந்து ஊறிய கழுத்துப்பட்டையைப் பயணத்துக்கு ஓரிரு வாரம் முன்பே மாட்டுவது, இரவில் நாயை வெளியே படுக்க விடாமல் இருப்பது. மணல் ஈ அந்தி முதல் விடியல் வரை பறக்கும். வசந்தத்தில் எழுந்து அக்டோபர் வரை, வெதுவெதுப்பான இடங்களில் நவம்பரிலும் உலவும். குளிர்காலத்தில் அடங்கிவிடும்.

அப்படியானால் குளிர்காலம் முழுதும் கவலையில்லையா என்றால், அப்படியும் இல்லை. அங்கேதான் மூன்றாவது ஆபத்து காத்திருக்கிறது. கோடையில் வருபவர்களுக்கு அது தெரியவே தெரியாது. மத்தியதரைக்கடல் கரையில் பல கேம்பிங் தளங்கள் பைன் மரங்களின் நிழலில் அமைந்தவை. அந்த மரக்கிளைகளின் நுனியில் குளிர்காலத்தில் வெள்ளைப் பட்டு உருண்டைகள் தொங்கும். பார்க்க அழகாகவே இருக்கும். அவை ஊர்வலக் கம்பளிப்பூச்சிகளின் கூடுகள். குளிர்காலத்தின் பிற்பகுதியில் இந்தப் புழுக்கள் ஒன்றன் வாலை ஒன்று தொட்டபடி நீண்ட வரிசையாக மரத்திலிருந்து இறங்கி, மண்ணுக்குள் புதைந்து கூட்டுப்புழுவாக மாறப் போகும். பொதுவாகப் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இது நடக்கும். மிதமான குளிருள்ள தென் ஸ்பெயினில் ஜனவரியிலேயே தொடங்கிவிடுவதும் உண்டு. அசையும் வரிசையைக் கண்டால் முகர்ந்து பார்க்காத நாய் ஏது? புழுவின் உடம்பிலுள்ள நுண்முடிகள் குத்தியதும் நாக்கும் உதடும் வீங்கும், எச்சில் ஒழுகும், மூச்சுக்குழல் அடைபடலாம். நாக்கின் ஒரு பகுதியே அழுகி விழுந்த நாய்கள் உண்டு. இறந்தவையும் உண்டு. அந்த நேரத்தில் துணியால் துடைப்பது தவறு. தேய்த்தால் முடிகள் உடைந்து இன்னும் நஞ்சு கக்கும். தண்ணீரை ஊற்றி அலசிக்கொண்டே, ஒரு நிமிடமும் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும். இடம் பிடிக்கும்போதே அண்ணாந்து பார்த்துக் கூடுள்ள மரத்தடியைத் தவிர்ப்பவருக்கு இந்த ஓட்டம் மிச்சம். அண்டை மரங்களிலும் கூடு இருந்தால் தளத்தையே மாற்றிக்கொள்ளத் தயங்கக் கூடாது.

இப்போது மூன்றையும் சேர்த்துப் பார்ப்போம். வெயிலும் மணல் ஈயும் நவம்பர் நடுவில் ஓய்கின்றன. கம்பளிப்பூச்சிகளின் ஊர்வலம் பிப்ரவரியில் பெருகுகிறது. இடைப்பட்ட காலம் ஏறக்குறைய மூன்று மாதம். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகிய பிரெக்சிட்டுக்குப் பின், 2021 ஜனவரி முதல் பிரிட்டிஷ் குடிமக்கள் தமக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாள் காலத்திலும் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது. அதற்கு முன் அக்டோபரில் போய் ஏப்ரலில் திரும்பிய ஓய்வூதியர்களுக்கு இது பெரிய இழப்பு. அவர்களுடைய மனக்குறை நியாயமானது. ஆனால் நாயின் பாதுகாப்பு என்ற அளவுகோலை வைத்துப் பார்த்தால், சட்டம் தரும் 90 நாளும் நாய்க்கு உகந்த காலமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே விழுகின்றன. நவம்பர் நடுவில் கரையிறங்கிப் பிப்ரவரி தொடக்கத்தில் கப்பலேறுபவர் மூன்று ஆபத்துகளில் பெரும்பகுதியைக் கடந்துவிடுகிறார். வசந்தப் பூக்களையும் ஈஸ்டர் ஊர்வலங்களையும் அவர் தவறவிடுவார்தான். நாயோடு போக முடிவு செய்தவர் அந்த விலையைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து. ஒன்றிய நாடுகளில் வாழும் டச்சுக்காரருக்கோ ஜெர்மானியருக்கோ இந்த 90 நாள் கணக்கும் இல்லை, பிரெக்சிட்டால் பிரிட்டன் நாய்களுக்கு வந்த புதுச் சான்றிதழும் வேண்டாம். நாயின் பாஸ்போர்ட் போதும். அவர்களும் பிப்ரவரிக்குப் பின் பைன் காடுகளை விட்டு விலகி, மரமில்லாத கடற்கரைத் தளத்துக்கோ ஆரஞ்சுத் தோப்பு ஓரத்துக்கோ மாறிக்கொள்வது நல்லது.

பிரிட்டன்வாசிக்குக் காகித வேலை கூடியிருப்பது உண்மை. அங்கே வழங்கிய ஒன்றியப் பாஸ்போர்ட் 2021-இல் செல்லாததாகி, அதன் இடத்தில் விலங்கு நலச் சான்றிதழ் வந்தது. அந்த விதிப்படி, ஒன்றியத்துக்குள் நுழைவதற்கு முந்தைய 10 நாளுக்குள் அரசு அங்கீகாரம் பெற்ற மருத்துவர் அதை எழுதித் தர வேண்டும். ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாக வாங்க வேண்டும். மருத்துவமனையைப் பொறுத்து நூறு பவுண்டிலிருந்து இருநூறைத் தாண்டியும் கட்டணம் கேட்கிறார்கள். முன்பு ஒரு பாஸ்போர்ட் நாயின் ஆயுள் முழுதும் வந்தது என்பதை நினைத்தால் இந்தச் செலவு உறுத்தும். செல்லப்பிராணிப் பாஸ்போர்ட்டை மீண்டும் கொண்டுவர 2025 மே மாத உச்சிமாநாட்டில் பிரிட்டனும் ஒன்றியமும் இசைந்திருக்கின்றன. விதிகள் மாறும் காலம் இது. கப்பல் சீட்டு வாங்கும் முன் அன்றைய விதியை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வதே சரி.

காகிதத்தோடு இனமும் பார்க்கப்படும். பிட்புல் வகை நாய்கள் பிரான்சுக்குள் வரவே கூடாது. ராட்வைலர் வரலாம், ஆனால் பொது இடத்தில் வாய்க்கூடு போட்டுத்தான் நடத்த வேண்டும். இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு குழந்தைகளோடு வளரும் ஸ்டாஃபர்ட்ஷயர் புல் டெரியரை ஸ்பெயினின் 2002-ஆம் ஆண்டு ஆணை ஆபத்தான வகைகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. இத்தாலியில் எந்த நாயானாலும் ஊருக்குள் வார் ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளக் கூடாது, கையில் ஒரு வாய்க்கூடும் வைத்திருக்க வேண்டும். இவற்றில் சில விதிகள் நியாயமற்றவை என்று நாய் வளர்ப்பவர்கள் வாதிடலாம். விருந்தாளியாகப் போகிற இடத்தில் அந்த வாதத்துக்கு இடமில்லை.

வழியும் வேகமும் நாயைப் பொறுத்தே அமைய வேண்டும். இழுத்துச் செல்லப்படும் கேரவனுக்குள் யாரையும் உட்கார வைக்கக் கூடாது, நாயையும்தான். அது காரில், வார் மாட்டியோ கூண்டிலோ பத்திரமாக இருக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடக்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும். கேரவன் இழுக்கும் கார் மணிக்கு 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் போவதே பாதுகாப்பு. இவற்றைக் கூட்டினால் ஒரு நாளைக்கு 300 கிலோமீட்டரே நிதானமான அளவு. பிரான்சின் கலே நகரத்திலிருந்து பெனிடோர்முக்கு ஏறக்குறைய 1,800 கிலோமீட்டர். ஆறு நாள் ஆகும். சன்டாண்டரில் இறங்கினால் பாதித் தூரம்தான், ஆனால் கடலில் ஒரு நாளுக்கு மேல் போகும். இங்கிலாந்தையும் பிரான்சையும் கடலுக்கடியில் இணைக்கும் சுரங்கத்தில் காரை ஏற்றிப் போகும் ரயில் 35 நிமிடத்தில் கடலைக் கடத்திவிடும், நாய் காரைவிட்டு இறங்கவே வேண்டாம். ஸ்பெயின் போகும் கப்பலில் நாயோடு தங்கும் அறைகள் சிலவே உண்டு. அவை மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். அந்த அறை கிடைக்காவிட்டால் வயதான நாயை இரண்டு பகல் ஓர் இரவு கப்பலின் கூண்டில் விடுவதைவிட, சுரங்க வழியில் போய் பிரான்சைச் சிறு சிறு துண்டாகக் கடப்பதையே நான் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். ஆறு நாள் என்பது வீண் அல்ல. லோவார் ஆற்றங்கரையிலோ தார்ன் பள்ளத்தாக்கை ஒட்டிய சிற்றூரிலோ மாலை மூன்று மணிக்கே வண்டியை நிறுத்திவிட்டு நாயோடு ஊரைச் சுற்றி வருபவருக்கு, நெடுஞ்சாலையில் பறந்து போகிறவர் பார்க்காத பிரான்ஸ் கிடைக்கிறது. எழுபது வயதில் முதுகும் கண்ணும் தாங்கக்கூடிய தூரமும் அதுதான்.

இனி, நாய்க்கு வீடே போதாதா, எதற்கு இந்த அலைக்கழிப்பு என்ற மறுப்புக்கு வருவோம். இது எளிதில் ஒதுக்கித் தள்ளக்கூடியது அல்ல. நாய் பழக்கத்துக்குக் கட்டுப்பட்ட உயிர். இடம் மாறினால் சாப்பிடாமல் கிடக்கும் நாய்கள் உண்டு. வண்டியில் ஏறினாலே நடுங்குபவையும், இதயநோய் முற்றியவையும் உண்டு. இவற்றை இழுத்துக்கொண்டு போவதை எந்தக் காரணமும் நியாயப்படுத்தாது. ஆனால் பெரும்பாலான நாய்களுக்கு வீடு என்பது சுவரைவிட மனிதரைச் சார்ந்தது. கேரவனின் தனிச் சிறப்பு இங்கேதான் தெரிகிறது. விடுதியில் தங்கினால் ஒவ்வோர் இரவும் புது அறை, புது வாடை, புதுச் சத்தம். கேரவனில் ஊர் மாறினாலும் படுக்கை மாறாது, சோற்றுத் தட்டு வைக்கும் மூலை மாறாது, கதவுக்குப் பின்னால் இருப்பவர்களும் மாற மாட்டார்கள். கிளம்பும் முன் ஒரு மாதம் வீட்டு வாசலில் நிற்கும் கேரவனிலேயே சில இரவுகள் நாயைப் படுக்க வைத்துப் பழக்கினால், அதற்குப் பயணம் என்பது தன் வீட்டின் வாசல் வேறொரு தெருவில் திறப்பதாகவே இருக்கும். இதற்கு எதிரில் மூன்று மாதம் நாய்க்காப்பகத்தில் விடுவதை வைத்துப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு அது சரி. பன்னிரண்டு வயது நாய்க்கு மூன்று மாதம் என்பது மிச்சமிருக்கும் ஆயுளில் ஒரு பெரும் பங்கு.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது: உங்கள் இன்பத்துக்காக நோயை ஊருக்குள் கொண்டுவந்து அடுத்தவர் நாய்க்குப் பரப்பலாமா? 2015 இறுதியிலும் 2016 தொடக்கத்திலும் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் வட்டாரத்தில், நாட்டைவிட்டு வெளியே போகாத நாய்களுக்கே உண்ணி பரப்பும் பேபீசியா நோய் கண்டது. இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும் கொடிய நோய் அது. வெளிநாடு போய்வந்த நாய் ஏதோ ஒன்றின் வழியே கிருமி உள்ளூர் உண்ணிகளிடம் சேர்ந்திருக்க வேண்டும் என்றே கருதப்பட்டது. பிரிட்டனுக்குத் திரும்பும் நாய்க்கு உண்ணி மருந்து கட்டாயம் என்றிருந்த விதி 2012-இல் நீக்கப்பட்டிருந்தது என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த மறுப்பை நான் முழுமையாக ஏற்கிறேன். அதற்கான பதில், சட்டம் கேட்காவிட்டாலும் உண்ணி மருந்தைத் தவறாமல் கொடுப்பது, தினமும் மாலையில் காதுமடல், விரலிடுக்கு, கழுத்து என்று தடவிப் பார்ப்பது. கொசு பரப்பும் இதயப்புழு நோய் இத்தாலியின் போ ஆற்றுச் சமவெளியில் நெடுங்காலமாக இருப்பதால், அந்தப் பக்கம் போகிறவர்கள் கால்நடை மருத்துவர் சொல்லும் மாதாந்திர மருந்தையும் விடக் கூடாது. சட்டம் இன்றும் வற்புறுத்துவது நாடாப்புழு மருந்து ஒன்றைத்தான். பிரிட்டனுக்குள் நுழைவதற்கு 24 மணி நேரத்துக்குக் குறையாமலும் 120 மணி நேரத்துக்கு மேற்படாமலும் முன்னதாக ஒரு கால்நடை மருத்துவர் அதைக் கொடுத்து ஆவணத்தில் எழுத வேண்டும். அந்த வகை நாடாப்புழு மனிதரின் ஈரலையே தாக்கக்கூடியது, பிரிட்டனில் இன்னும் இல்லை. இந்த மருந்தைச் சுமையாக நினைப்பவர்களிடம் நான் சொல்வது, இது உங்கள் நாய்க்காக அல்ல, அண்டை வீட்டுக் குழந்தைக்காக.

நோயோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொன்று இரக்கம் பற்றியது. ஸ்பெயினில் முயல் வேட்டைக்கு வளர்க்கும் கால்கோ என்ற ஒல்லியான வேட்டை நாய்கள், பருவம் முடியும் ஜனவரி, பிப்ரவரியில் பெருமளவில் கைவிடப்படுகின்றன. கேரவன் பயணிகள் அங்கே இருக்கும் அதே மாதங்கள். தளத்தின் வேலியோரம் எலும்பும் தோலுமாக நிற்கும் ஒரு நாயைக் கண்டு மனம் இளகாதவர் நாய் வளர்க்கவே தகுதியற்றவர். ஆனால் அதைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு எல்லை கடப்பது அந்த நாய்க்கும் நன்மை அல்ல, உடன் இருக்கும் நாய்க்கும் நன்மை அல்ல. அங்கே இவற்றுக்கென்றே காப்பகங்கள் இருக்கின்றன. லீஷ்மேனியா உள்ளிட்ட பரிசோதனைகளை முடித்து, முறைப்படி பதிவு செய்து வெளிநாட்டுக்குத் தத்துக் கொடுக்கிறார்கள். அந்த வழியில் காத்திருந்து எடுப்பதே உண்மையான இரக்கம்.

மனிதரின் வயதைக் காட்டி எழுப்பும் மறுப்பும் உண்டு. அந்நிய மண்ணில் நெஞ்சுவலி வந்தால் என்ன செய்வது? பிரிட்டிஷ் குடிமக்களுக்கு இருக்கும் உலகளாவிய சுகாதாரக் காப்பீட்டு அட்டை, ஒன்றிய நாடுகளின் அரசு மருத்துவமனையில் அவசியச் சிகிச்சைக்கு உதவும். நோயாளியை நாட்டுக்குத் திருப்பி அழைத்துவரும் செலவை அது ஏற்காது. தனிக் காப்பீடு வேண்டும், எழுபதுக்கு மேல் அதன் விலை ஏறும். பிரிட்டனில் ஓட்டுநர் உரிமத்தையே 70 வயதுக்குப் பின் மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இவையெல்லாம் நாய் இல்லாதவருக்கும் உள்ளவை. நாய் இருப்பவர் கூடுதலாக ஒரு கேள்விக்கு விடை வைத்திருக்க வேண்டும்: ஓட்டுபவர் மருத்துவமனையில் படுத்தால் நாயும் வண்டியும் எப்படி ஊர் திரும்பும்? தம்பதியில் ஒருவருக்கு மட்டுமே கேரவன் இழுக்கத் தெரியும் என்றால் அவர்கள் கிளம்பக் கூடாது. முதலில் மற்றவரும் பழக வேண்டும். இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஸ்வீடனில் 40 முதல் 80 வயது வரையுள்ள 34 லட்சம் பேரின் பதிவேடுகளை ஆராய்ந்து 2017-இல் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், தனியாக வாழ்பவர்களில் நாய் வளர்ப்பவர்களுக்கு இறப்பு அபாயம் மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. நாய்தான் ஆயுளைக் கூட்டுகிறது என்று இது நிறுவவில்லை. நடக்கத் தெம்புள்ளவர்களே நாய் வளர்க்க முன்வருவார்கள் என்ற சாத்தியமும் உண்டு. ஆனாலும் மழையோ வெயிலோ காலை ஏழு மணிக்கு ஒருவரை நடக்க வைக்கும் துணை, மொழி தெரியாத ஊரில் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் முதியவரைத் தானாகப் பேசவைக்கும் துணை, ஓய்வுக் காலத்தின் தனிமைக்கு நல்ல மருந்து என்பதில் எனக்கு ஐயமில்லை.

செலவு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் நெரியும் கேம்பிங் தளங்கள் குளிர்காலத்தில் இடத்தை மலிவாகத் தருகின்றன. 1965-இல் நெதர்லாந்தில் தொடங்கிய ஏசிஎஸ்ஐ நிறுவனத்தின் தள்ளுபடி அட்டையை ஏற்கும் தளங்களில், இருவருக்கான இரவுக் கட்டணத்தில் மின்சாரமும் ஒரு நாயும் அடக்கம். கோடையில் நாய்க்குத் தடை விதிக்கும் கடற்கரைகள் பலவும் குளிர்காலத்தில் திறந்திருக்கும். ஊருக்கு ஊர் விதி மாறும், பலகையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

போக நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தளத்துக்கும் கப்பலுக்கும் பணம் கட்டுவதற்கு முன் நாயைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் இதயம், சிறுநீரகம், மூட்டு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்றால் அந்த ஆண்டு வீட்டிலேயே இருங்கள். சரி என்றால் மைக்ரோசிப் வேலை செய்கிறதா என்று படித்துப் பார்த்து, அதன் பிறகு ரேபிஸ் ஊசி போடச் சொல்லுங்கள். சிப்புக்கு முன் போட்ட ஊசி கணக்கில் வராது. ஊசிக்குப் பின் 21 நாள் ஆக வேண்டும், கழுத்துப்பட்டைக்கு ஓரிரு வாரம், சான்றிதழ் ஒன்றியத்துக்குள் நுழைவதற்கு முந்தைய 10 நாளுக்குள். நவம்பர் நடுவில் கப்பலேற வேண்டியவர் செப்டம்பர் முடிவதற்குள் மருத்துவரின் வாசலில் நிற்க வேண்டும்.